சைலன்சர் வாங்கப் போய் முழக்கம் வாங்கி வந்த கதை

ஏழு மாதத்தில் ஒரே பிக்கப் வண்டிக்கு இரண்டு சைலன்சர், ஒரு ரெசொனேட்டர் (சத்தம் குறைக்கக் கூடுதலாக வைக்கும் சின்ன உருளை), மூன்று முறை வெல்டிங் கூலி. கூட்டிப் பார்த்தால் அந்தப் பணத்துக்கு நான்கு புது டயர் போட்டிருக்கலாம். வண்டிக்கு டயரும் போட வேண்டிய நேரம்தான், அது இன்னும் வயிற்றெரிச்சல். விற்பவர்கள் எல்லோரும் இதை ‘மஃப்ளர்’ என்கிறார்கள். எனக்கு மஃப்ளர் என்றால் கழுத்தில் சுற்றுகிற கம்பளித் துண்டுதான். பட்டறையில் சொல்வதுபோல சைலன்சர் என்றே எழுதுகிறேன்.

வண்டி நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஆறு கியர், நான்கு கதவு, பின் சீட் உண்டு. வார நாட்களில் ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. மாதத்துக்கு இரண்டு முறை நீண்ட பயணம், சில நேரம் பின்னால் பாரத்தோடு. இந்த ஓட்டக் கணக்கைத்தான் சைலன்சர் வாங்கும் முன் நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

பழைய சைலன்சர் கெட்டதிலேயே என் கைவரிசை இருக்கிறது. அதன் அடிவயிற்றில் தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் அதிலிருந்து தண்ணீர் சொட்டும். ‘ஓட்டை விழுந்துவிட்டது, பெரிதாவதற்குள் அடைத்துவிடலாம்’ என்று சூடு தாங்கும் பசை ஒன்றை வாங்கி அப்பி, நாமே செய்துவிட்டோம் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன். அது கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே விட்ட துளை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்த ஆவியை வெளியே தள்ளிவிடும். ஐந்து கிலோமீட்டரில் இன்ஜினை அணைத்தால் அது உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும், கூடவே அமிலமும் சேரும். தேங்கியது வடிவதற்காக விட்ட வழியை நான் அடைத்துவிட்டேன். ஒன்றரை வருடத்தில் அடித் தகடு உள்ளிருந்தே அரித்து, ஓரத் தையல் பிரிந்து, கட்டைவிரல் போகிற அளவுக்கு நிஜமான ஓட்டை விழுந்தது. உங்கள் சைலன்சரில் அப்படித் துளை இருந்து தண்ணீர் சொட்டினால், தயவுசெய்து அதன் வழிக்குப் போகாதீர்கள்.

அசல் சைலன்சரின் விலையைக் கேட்டதும் பகீர் என்றது. வெளிக் கம்பெனிச் சரக்கு பாதி விலைக்குக் கிடைத்தது. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. எப்படியும் மாற்றத்தான் போகிறோம், கொஞ்சம் சத்தம் நன்றாக இருக்கிற மாதிரிப் பார்ப்போமே என்று ஓர் ஆசை வந்தது. மூன்று வாரம், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கைப்பேசி ஸ்பீக்கரைக் காதருகே வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகக் கேட்டேன். எல்லா வீடியோவும் ஒரே மாதிரிதான். வண்டி நிற்கும், புகைக்குழாய் வாய்க்கு இரண்டடி தள்ளிக் கேமரா இருக்கும், ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவார். புலி உறுமுகிற மாதிரி இருக்கும். மயங்கிவிட்டேன்.

அந்த வீடியோக்களில் எது இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஒன்று, வண்டிக்குள் உட்கார்ந்தால் எப்படிக் கேட்கும் என்பது இல்லை. இரண்டு, ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகும்போது எப்படி இருக்கும் என்பது இல்லை. மூன்றாவதுதான் முக்கியம். கைப்பேசியின் மைக் சத்தம் கூடினால் தானே குறைத்துப் பதிவு செய்யும், குறைந்தால் தானே கூட்டும். அதனால் எது அதிகச் சத்தம், எது குறைவு என்று ஒரு வீடியோவை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அதிர்வு, போன்ற அடித்தொனி கைப்பேசி ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட வெளியே வராது. என்னை ஏழு மாதம் வாட்டிய சத்தம் எல்லா வீடியோவிலும் இருந்திருக்கலாம், அதைக் கேட்கும் வழி என்னிடம் இருக்கவில்லை.

நான் வாங்கியது நேர்க்குழாய் ரகம். நடுவில் சல்லடை போலத் துளையிட்ட குழாய் ஒன்று நேராகப் போகும், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, அதற்கு மேல் தகட்டுக் கூடு. புகை தடையில்லாமல் போய்விடும், சத்தத்தைப் பஞ்சு குடிக்கும். தத்துவம் நல்லதுதான். ஆனால் பஞ்சு உயர்ந்த தொனியை நன்றாகக் குடிக்கிற அளவுக்குத் தாழ்ந்த தொனியைக் குடிக்காது. தாழ்ந்த தொனியை அடக்க இடம் வேண்டும், அதாவது கூடு பெரிதாகவோ நீளமாகவோ இருக்க வேண்டும். நான் வாங்கியதன் கூடு 14 அங்குலம். அசல் சைலன்சரின் கூடு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம், தடிமனும் அதிகம். எடை குறைவு என்று விற்பவர் சொன்னதை நான் நல்ல குணமாக எடுத்துக்கொண்டேன்.

அளவிலும் சொதப்பினேன். என் வண்டியின் குழாய் வெளி விட்டம் இரண்டரை அங்குலம். வாங்கியது மூன்று அங்குலம். ‘பெரிசா இருந்தா இன்ஜின் நல்லா மூச்சு விடும் சார்’ என்றார் விற்றவர். இரண்டரைக்கும் மூன்றுக்கும் அரை அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும், பரப்பளவில் அது 44 சதவீதம் கூடுதல். சக்தி கூடியதா என்றால், என் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் இருக்கிற குழாயும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அதே பழைய அளவில் இருக்க, கடைசியில் ஒரு டப்பாவை மட்டும் அகலமாக்கினால் என்ன கூடிவிடும்? சத்தம் கூடியது. இரண்டு பக்கமும் அளவு குறைக்கும் குழாய்த் துண்டு வாங்க வேண்டியதாயிற்று, அதற்குத் தனியாகக் காசு, அதை ஒட்டத் தனியாகக் கூலி. எல்லாம் சேர்த்தால் பாதி விலை என்று நினைத்து வாங்கியது அசல் விலையைத் தொட்டுவிட்டது.

வாங்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுங்கள். குழாயின் வெளி விட்டம் எவ்வளவு, சைலன்சர் வாயின் உள் விட்டம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். விளம்பரத்தில் வெறும் ‘இரண்டரை அங்குலம்’ என்று போட்டிருந்தால் உள்ளா வெளியா என்று கேளுங்கள். புகை நுழையும் வாயும் வெளியேறும் வாயும் நடுவில் இருக்கின்றனவா, ஓரத்திலா, ஓரம் என்றால் ஒரே பக்கமா எதிர்ப் பக்கமா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டின் நீளம் வேறு, வாய்கள் சேர்த்த மொத்த நீளம் வேறு. முக்கியமாக, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது அளந்து பாருங்கள். லிஃப்டில் சேசிஸைப் பிடித்துத் தூக்கினால் பின் அச்சு கீழே தொங்கிவிடும், மேலே ஏகப்பட்ட இடம் இருப்பதுபோலத் தெரியும். இறக்கினால் அச்சு மேலே வரும். பாரம் ஏற்றினால் இன்னும் மேலே வரும். எனக்கு மாட்டிய குழாய் வெறும் வண்டியில் சரியாக இருந்தது. பாரத்தோடு பள்ளத்தில் இறங்கியபோதெல்லாம் ‘டொங்’ என்று அச்சில் இடித்தது.

மாட்டிய பட்டறையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, தப்பில் பாதி என்னுடையது. பழையதை அறுத்து எடுத்தார்கள். ‘இது எதுக்கு சார், பழைய இரும்புக்குப் போட்டுடறோம்’ என்றார்கள். சரி என்றேன். அந்த ஒரு ‘சரி’க்காக இன்றைக்கும் என்னை நானே நொந்துகொள்கிறேன். முன்னும் பின்னும் குழாயோடு சேர்த்து, நல்ல இடத்தில் அறுத்துத் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால், ஓட்டையை அடைத்தாவது மறு வாரமே திரும்ப மாட்டியிருக்கலாம். ஓட்டை விழுந்த சைலன்சராக இருந்தாலும் புதியதோடு ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்கும்வரை பழையதைக் கைவிடாதீர்கள்.

இணைப்புக்கு அவர்கள் போட்டது யு வடிவக் கிளாம்ப். இறுக்கினால் குழாயை நசுக்கிப் பிடிக்கும். பிடி கெட்டியாக இருக்கும், பிறகு கழற்ற வேண்டுமென்றால் நசுங்கிய இடம் விடாது, அறுக்கத்தான் வேண்டும். பட்டையாகச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் கொஞ்சம் விலை கூட, ஆனால் குழாய் வட்டம் குலையாமல் கழன்று வரும். திரும்பக் கழற்ற வாய்ப்பிருக்கிறது என்று ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் பட்டைக் கிளாம்ப்தான். வெல்டிங் வைப்பதாக இருந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். வண்டியின் கம்ப்யூட்டர் போனால் சைலன்சர் செலவெல்லாம் சில்லறையாகிவிடும்.

முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டி வந்தபோது பின்னாலிருந்து புகை வந்தது. பயந்து நிறுத்தினேன். புதுச் சைலன்சரில் இருக்கும் எண்ணெயும் பூச்சும் எரிகிற புகை அது, கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. மற்றபடி அன்றைக்கு எனக்கு ஒரே கொண்டாட்டம். சிக்னலில் நின்று கிளம்பும்போது அந்த உறுமல்! ஒரு வாரம் தேவையில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றினேன். என் மனைவி மட்டும், ‘சத்தம் போடாம இருக்கத்தானே இதுக்கு சைலன்சர்னு பேரு?’ என்றாள். சிரித்துவிட்டேன்.

பத்தாவது நாள் ஐந்து மணி நேரப் பயணம். மணிக்கு 100 கிலோமீட்டர், ஆறாவது கியர், இன்ஜின் நிமிடத்துக்கு 1,900 சுற்று. ‘உம்ம்ம்ம்’ என்று ஒரு முழக்கம் தொடங்கியது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல ஓர் அழுத்தம். பாட்டு போட்டால் பாட்டின் அடித்தொனியைத் தின்றுவிட்டது. கண்ணாடியை இறக்கினால் குறைந்தது, ஏற்றினால் திரும்ப வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பின் சீட்டில் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ‘அப்பா, தலை வலிக்குது, நிறுத்துங்க’ என்றாள். எங்கே நிறுத்துவது? ஐந்தாவது கியருக்கு இறக்கினேன். சுற்று 2,350க்கு ஏறியது, முழக்கம் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. மீதி வழி முழுக்க ஐந்தாவது கியர். இந்தச் சைலன்சர் போட்டால் மைலேஜ் கூடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். கியரை இறக்கி ஓட்டியதில் இருந்ததும் குறைந்தது.

அதன்பிறகு மூன்று மாதம் நான் செய்தது எல்லாம் வீண் செலவு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தரைவிரிப்பை எடுத்துவிட்டு, தார் போல ஒட்டுகிற சத்தம் தடுக்கும் பாய்களைக் கதவிலும் தரையிலும் ஒட்டினேன். டயர் இரைச்சல் குறைந்தது, முழக்கம் அப்படியே இருந்தது, முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு ‘ரெசொனேட்டர் போட்டால் போய்விடும்’ என்று எங்கோ படித்து, துப்பாக்கித் தோட்டா வடிவில் ஒரு சின்ன உருளையை வாங்கிச் சைலன்சருக்கு முன்னால் வைத்தேன். தகரம் கிழிகிற மாதிரி இருந்த கரகரப்பு போனது. முழக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், ஒல்லியான பாயும் சின்ன உருளையும் உயர்ந்த தொனிக்குத்தான் ஆகும்.

யாரோ சொல்லிக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது ஒரு வயதான வெல்டரிடம். அவர் வண்டியைத் தூக்கவே இல்லை. ‘எத்தனை சுற்றுல வருது தம்பி?’ என்றார். 1,900 என்றேன். ‘ஆறு சிலிண்டரா?’ ஆமாம் என்றேன். தீப்பெட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று சிலிண்டர் வெடிக்கும். நிமிடத்துக்கு 1,900 சுற்று என்றால் நொடிக்கு 32 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு, அதை மூன்றால் பெருக்கினால் 95. நொடிக்கு 95 வெடிப்பு, அதுதான் அந்த ‘உம்’. நான்கு சிலிண்டர் என்றால் மூன்றுக்குப் பதில் இரண்டால், எட்டு என்றால் நான்கால் பெருக்க வேண்டும். ‘நீங்க வழி முழுக்க ஒரே சீரா ஓட்டுற சுற்று எதுவோ, அந்தச் சுற்றுல என்ன சத்தம் வருதுன்னு பார்த்துத்தான் சைலன்சர் வாங்கணும். நீங்க மிதிக்கிறப்ப வர்ற சத்தத்தைப் பார்த்து வாங்கிட்டீங்க’ என்றார்.

அவர் விட்ட இடத்திலிருந்து நான் வீட்டில் உட்கார்ந்து மேலே போட்டுப் பார்த்தேன். 95 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 3.6 மீட்டர், அதில் பாதி 1.8 மீட்டர். வண்டிக்குள் டாஷ்போர்டிலிருந்து பின்கண்ணாடி வரை அளந்தால் கிட்டத்தட்ட அதே நீளம்தான். மூடிய பெட்டிக்குள் அரை அலை கச்சிதமாக உட்கார்ந்துகொண்டால் இரண்டு ஓரத்திலும் அழுத்தம் உச்சம், நடுவில் குறைவு. கணக்கு இப்படி வந்ததும் வண்டியை எடுத்துப் போய், நேரான சாலையில், மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தலையை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பார்த்தேன். சீட்டுக்கு அரையடி முன்னால் ஓரிடத்தில் முழக்கம் ஏறக்குறைய காணாமல் போனது. பின்னால் சாயச் சாய ஏறியது. பின் சீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தலையைச் சாய்த்தால் மண்டைக்குள் அடித்தது. மகள் மட்டும் ஏன் காதைப் பொத்தினாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ‘அவ்வளவு ஒன்றும் இல்லையே’ என்று இரண்டு மாதம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓட்டுபவர் உட்காரும் இடத்தில் நிஜமாகவே அவ்வளவு இல்லைதான்.

ஒரே சைலன்சரை இன்னொருவர் வண்டியில் கேட்டுவிட்டு வாங்குவதும் அதனால்தான் அரைகுறை உத்தரவாதம். அவருடையது இரண்டு கதவு வண்டியாக இருக்கும், குழாய் நீளம் வேறாக இருக்கும், கியர் விகிதம் வேறாக இருந்து அதே 100 கிலோமீட்டர் வேகத்தில் வேறு சுற்றில் ஓடும். அதே மாடல், அதே இன்ஜின், அதே கேபின் என்றால் கேளுங்கள், அதுவும் பின் சீட்டில் உட்கார்ந்து, உயர்ந்த கியரில், லேசான ஏற்றத்தில். ஏற்றத்திலும் பாரத்திலும் ஆக்சிலரேட்டர் அதிகம் திறந்திருப்பதால் முழக்கம் தன் முழு உயரத்தைக் காட்டும்.

கிளைக்குழாய் வைத்தால் போகுமா என்று வெல்டரிடம் கேட்டேன். ஒரு முனை அடைத்த குழாயைப் பக்கவாட்டில் ஒட்டிவிடுவார்கள். அதற்குள் போன அலை திரும்பி வந்து வருகிற அலையை அடித்துவிடும். அலைநீளத்தில் கால் பங்கு நீளம் வேண்டும், எனக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர், புகை சூடாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூட. அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒரு பக்கம் டிரைவ் ஷாஃப்ட், ஒரு பக்கம் ஸ்டெப்னி டயர், எங்க வைக்கிறது?’ என்றார். இடம் இருக்கிற வண்டிக்கு அது நல்ல வழி, சைலன்சர் மாற்றுவதைவிடச் செலவும் குறைவு. கிளைக்குழாய் ஒரு குறிப்பிட்ட சுற்றைத்தான் கொல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடியில் எட்டிப் பார்த்தவர் வேறு இரண்டையும் கண்டுபிடித்தார். முதல் பட்டறையில் ரப்பர் தொங்கலை எடுத்துவிட்டு, இரும்புப் பட்டையைச் சேசிஸோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார்கள். இன்ஜின் தன் ரப்பர் மேல் ஆடும், குழாயும் கூடவே ஆட வேண்டும், அதற்குத்தான் ரப்பர். இரும்பால் கட்டினால் குழாயின் அதிர்வு முழுக்கச் சேசிஸ் வழியாக உள்ளே ஏறும், நாளாவட்டத்தில் வெல்டிங்கும் விரியும்.

இரண்டாவது, இதை எழுதக் காரணமே அதுதான் என்றுகூடச் சொல்வேன். அச்சில் இடிக்கிறது என்று நான் புகார் சொன்னபோது, முதல் பட்டறையில் வால் குழாயைப் பின் அச்சுக்கு முன்னாலேயே அறுத்துவிட்டிருந்தார்கள். புகை வண்டியின் பின்பெட்டிக்கு அடியிலேயே வெளியேறிக்கொண்டிருந்தது. முழக்கத்தைக் குறைக்கப் பின்பக்கச் சின்னக் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டுவது அப்போது என் வழக்கம். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்திருக்கும், புகை அங்கே சுழன்று, திறந்த பின்கண்ணாடி வழியாக உள்ளே வரும். இரண்டு பயணத்தில் எனக்குத் தலைவலி, லேசான குமட்டல், மதியத்தில் தூக்கம் தூக்கமாக வந்தது. சத்தத்தால் வந்த தலைவலி என்றே நினைத்தேன். ‘தம்பி, பின்கண்ணாடியைத் திறந்தா ஓட்டினீங்க?’ என்று அவர் கேட்ட தொனியில் எனக்குக் கை சில்லிட்டது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதைக் குறைக்கும், ஆனால் கன்வெர்ட்டர் சூடேறும்வரை வேலை செய்யாது. எனக்கு வந்தது புகையாலா சத்தத்தாலா என்று இனி நிரூபிக்க வழியில்லை. அன்றைக்கு இரவு மகள் தூங்குவதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். வால் குழாயின் வாய் வண்டியின் உடம்பைத் தாண்டி, பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே வந்தே தீர வேண்டும். பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் குனிந்து பாருங்கள். பின்பெட்டிக்குக் கூண்டு போட்டு ஆள் ஏற்றுகிறவர்கள் இரண்டு முறை பாருங்கள்.

கடைசியில் போட்டது பெரிய நீள்வட்டக் கூடு. உள்ளே புகை எஸ் வடிவில் இரண்டு முறை திரும்பிப் போகும், குழாய்களில் துளையும் உண்டு. சந்தையில் இதை ‘டர்போ’ சைலன்சர் என்பார்கள். உங்கள் இன்ஜினில் டர்போ இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. 1960களில் செவ்ரோலெட் கோர்வேர் காரின் டர்போ மாடலில் வந்த சைலன்சரைப் பிடித்துப்போய் மற்ற வண்டிகளுக்கும் மாட்டியதில் ஒட்டிக்கொண்ட பெயர். நேர்க்குழாய் என்றாலே முழக்கம், உள்ளே தடுப்புத் தகடு போட்டு அறை வைத்தது என்றாலே அமைதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டே அறை வைத்த குட்டிப் பெட்டிகள் என்னுடையதைவிட மோசமாக முழங்கும், நீளமான நேர்க்குழாய் சாதுவாக இருக்கும். நான் பார்த்தவரை ரகத்தைவிடக் கூட்டின் கொள்ளளவுதான் பேசுகிறது. இடம் அனுமதிக்கிற அளவில் பெரியதாக எடுங்கள்.

உலோகம் 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். முதலாவது அலுமினியம் பூசிய இரும்பு, வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்து ஆறே மாதத்தில் செந்நிறம் கட்டியிருந்தது. 409 மேலே லேசாகத் துருநிறம் காட்டும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. 304 ரகம் அதையும் தாண்டும், விலையும் தாண்டும். ஒரு காந்தத்தைக் கையில் கொண்டு போங்கள். 304 என்று விற்கிற பொருளில் காந்தம் நன்றாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள். 409இல் காந்தம் ஒட்டுவது இயல்புதான், அதற்காகக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். கூட்டில் அம்புக்குறி இருந்தால் புகை போகும் திசையைக் காட்டுவது, தலைகீழாக மாட்டிவிடுவார்கள். தண்ணீர் வடிகிற துளை இருந்தால் அது அடிப்பக்கம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதை முதலில் பார்த்தேன், ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டரை அங்குல வாய், பட்டைக் கிளாம்ப், ரப்பர் தொங்கல், அச்சைத் தாண்டி வளைந்து பின்சக்கரத்துக்குப் பின்னால் வெளியேறும் குழாய். வெல்டர் கடைசி இணைப்பை இறுக்கும் முன் வண்டியை இறக்கி, பின்பெட்டியில் நான்கு மூட்டையை ஏற்றி, அச்சுக்கும் குழாய்க்கும் நடுவே தன் நான்கு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறுக்கினார். இப்போது கிளம்பும்போது ஒரு சின்ன உறுமல் இருக்கிறது, 1,900இல் பக்கத்தில் பேசுவது கேட்கிறது. வண்டித் தணிக்கைக்குப் போனபோதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. சத்தத்துக்கும் மாற்றுச் சைலன்சருக்கும் இடத்துக்கு இடம் விதி உண்டு, வாங்கும் முன் உங்கள் இடத்து விதியைப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் ஏழு மாதம் ஓட்டியது வெறும் அதிர்ஷ்டம்.

முதல் சைலன்சரை விற்றுவிட்டேன். கேட்டு வந்தவர் அதே மாடல் வண்டிக்காரர், இரண்டு கதவு. முழக்கத்தைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லி, பின் சீட் கதையையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘என் வண்டியில் பின் சீட்டே கிடையாதுங்க. தோட்டத்துக்குள்ள மூணாவது கியருக்கு மேல போட்டே வருஷமாச்சு’ என்றார். நான் கொடுத்த விலையில் கால் பங்கு தந்தார். கிளம்பும்போது, அளவு குறைக்கும் அந்த இரண்டு குழாய்த் துண்டும் சேர்த்துத்தானே என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.